கிட்டாருக்குத் தைத்த பாவாடை

போன மாதம் கல்யாண மண்டபத்தில், மேடை ஏறுவதற்கு முன்னால் நான் ஒரு செம்புத் தண்ணீரில் இரண்டு காலையும் கழுவித் துடைத்ததைப் பார்த்து நீங்கள் நாலைந்து பேர் சிரித்தீர்கள். கீபோர்டு வாசிக்கிற தம்பி, "என்னா பாய், தொழுகைக்கா, கச்சேரிக்கா?" என்று கேட்டார். நானும் சிரித்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். ஓய்ந்துபோன ஆளை ஒரே ஒரு பாட்டுக்காக மதித்துக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அங்கே போய் உட்கார்ந்து கதை அளந்தால் அடுத்த முறை கூப்பிடமாட்டீர்கள். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் தருமபுரியில் தையல்காரன். பகலெல்லாம் கால்சட்டை, சாயங்காலமானால் மெல்லிசைக் குழுவில் ஹவாய் கிட்டார். அந்தக் கிட்டாரை மடியில் படுக்கவைத்து, இடது கையில் பிடித்த இரும்புத் தண்டைக் கம்பிகள் மேல் வழுக்கி வாசிக்க வேண்டும். அந்தக் காலத்துச் சினிமாப் பாட்டில் யாராவது அழுதால் பின்னால் அதுவும் சேர்ந்து அழும். என்னைப்போல் அழவைக்க இந்த ஜில்லாவில் ஆள் இல்லை என்று எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கார்டின் வீட்டில் அந்த நாலுகால் கிட்டாரைப் பார்க்கும் வரைக்கும் அந்தத் திமிர் இருந்தது.

கார்டு என்றால் ரயில்வே கார்டு, ஓர் ஆங்கிலோ இந்தியர். ஸ்டேஷன் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்தார். அவருடைய வெள்ளை யூனிபாரம் நான் தைப்பது. அறுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தைத்த துணியைக் கொடுக்கப் போனேன். வீட்டுச் சாமான் பாதி பெட்டிக்குள் போயிருந்தது. குடும்பத்தோடு ஆஸ்திரேலியா கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் குறுகலான மேசை மாதிரி நாலு காலில் ஒன்று நின்றது. மேலே எட்டுக் கம்பி. கீழே தரையை ஒட்டி வரிசையாக நாலு பெடல். ஒவ்வொரு பெடலிலிருந்தும் ஒரு மெல்லிய இரும்புக் கம்பி ஏறி மேசையின் அடிவயிற்றுக்குள் போனது. பெங்களூர் கண்டோன்மெண்டில் ஹோட்டலில் வாசித்த ஒருவரிடமிருந்து கார்டு வாங்கியது. அப்போதே அது பழசு. கை படுகிற ஓரமெல்லாம் வார்னிஷ் போய் மரம் வெளுத்திருந்தது.

"ஒக்காரு மேன்" என்று சொல்லிவிட்டு அவர் வாசித்தார். மூன்று கம்பியை ஒன்றாக மீட்டினார். இரும்புத் தண்டு வைத்த இடத்திலேயே இருந்தது, கை அசையவே இல்லை. அந்த மூன்று ஸ்வரத்தில் இரண்டு அப்படியே நிற்க, நடுவில் இருந்தது மட்டும் மெதுவாக எழுந்து மேலே போய் நின்றது. ஒரு வீட்டில் மூன்று பேர் பேசாமல் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் மட்டும் எழுந்து வாசலுக்குப் போனால் மற்ற இருவர் முகமும் மாறிவிடும் அல்லவா? அதுமாதிரி அந்த இரண்டு ஸ்வரமும் அசையாமலே வேறாகிவிட்டன. நான் அதுவரை வாசித்ததில் எல்லாரும் சேர்ந்து ஏறுவார்கள், சேர்ந்து இறங்குவார்கள். ஒருவரை மட்டும் அனுப்ப முடியும் என்று எனக்குத் தெரியாது.

நான் சட்டென்று குனிந்து அவருடைய காலைப் பார்த்தேன். அது தையல்காரன் புத்தி. மேலே ஊசி ஓடுகிறதென்றால் கீழே கால் ஓடுகிறது என்று எங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஷூவைக் கழற்றிவிட்டு, வெறும் பாதத்தின் ஓரத்தால் ஒரு பெடலை அழுத்திக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் என் கை பாக்கறான் மேன்," என்றார் கார்டு. "இத்தினி வருசத்துல நீ ஒருத்தன்தான் கால் பாக்கறே. இது நீ எடுத்துட்டுப் போ."

என் கடையில் இருந்த இரண்டு தையல் மிஷினில் ஒன்று அந்த வாரம் வேறு கடைக்குப் போனது, அந்தக் கிட்டார் என் வீட்டுக்கு வந்தது. அதற்குமேல் அந்தக் கணக்கை இங்கே பேச வேண்டாம். என் மனைவி ஜமீலா அதை இன்றைக்கும் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள்.

அதைக் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லி உங்களை அறுக்கமாட்டேன். சொல்லித்தர ஆள் இல்லை, புத்தகம் இல்லை, அறுந்த கம்பிக்கு மாற்று வாங்க பெங்களூர் போகவேண்டும். பெடல் மூட்டுகளுக்குத் தையல் மிஷின் எண்ணெயைத்தான் விட்டேன், அதுவும் கோபித்துக்கொள்ளாமல் ஏற்றுக்கொண்டது. வலது கால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க, இடது கால் ஸ்வரத்தை ஏற்றி இறக்க. சில நாள் நான் நினைக்காத இடத்தில் கால் பட்டு, நான் நினைத்தே பார்த்திராத ஒரு சேர்க்கை எழும். அப்போது கையை எடுத்துவிட்டு அது அடங்கும்வரை சும்மா உட்கார்ந்திருப்பேன். எனக்கு முன்னால் இதை வைத்திருந்தவர்கள் உள்ளே எதையோ விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், அது ஒவ்வொன்றாக வெளியே வருகிறது என்று தோன்றும். பழைய வாத்தியத்தை வாங்கியவன் அதற்குச் சொந்தக்காரன் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சிக்கல் முதல் ஒத்திகையிலேயே வந்தது. தபேலாக்காரர் பதறிப்போய், "பாய், பாத்து, கால் பட்டுடுச்சு" என்றார். உங்களுக்கும் தெரியும், நம்மிடம் வாத்தியத்தின் மேல் தெரியாமல் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். இதில் ஒரு பாட்டுக்கு நாற்பது தடவை கால் படவேண்டும். நாற்பது தடவையும் ஒற்றிக்கொண்டிருந்தால் வாசிப்பது யார்? நான் விளக்கிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் மனசு ஒப்பவில்லை. எனக்குப் பதிலாக அவரே வந்து கிட்டாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

குழுவின் தலைவரை நாங்கள் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். அக்கார்டியன் வாசிப்பவர், பயந்த சுபாவம், ஆனால் காது சுத்தம். அந்த ஒற்றை ஸ்வரம் ஏறுவதைக் கேட்டதும் அக்கார்டியனைக் கீழே வைத்துவிட்டார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்.

"சத்தம் தேனாட்டம் இருக்குது பாய். ஆனா மேடைன்னு வந்தா சனங்க கால பாப்பாங்க. வாத்தியத்த மிதிக்கறான்பாங்க."

"கால் ஆர்மோனியத்த மிதிக்கலீங்களா மாஸ்டர்?"

"அது காத்து அடிக்கிறதுங்க. சொரம் கையிலதான இருக்கு. ஒங்களுதுல சொரமே கால்ல இருக்குதே."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அடுத்த கச்சேரி பென்னாகரம் பக்கத்தில் ஒரு ஊரில், மாரியம்மன் திருவிழா. அந்தப் பக்கத்து வழக்கப்படி மேடையைக் கோயிலுக்கு எதிரே, சன்னதியைப் பார்த்துத்தான் போடுவார்கள். முதல் ரசிகை அம்மன், மற்றவர்கள் அவளுக்குப் பின்னால்தான். அங்கே இந்தக் கிட்டாரோடு உட்கார்ந்தால் என் இரண்டு பாதமும் நேரே அவள் முகத்துக்கு நீட்டியிருக்கும். போதாக்குறைக்கு நான் பாய். யாராவது ஒருத்தர் எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது மாஸ்டரின் பயம்.

கடைசியில் அவர் ஒரு முடிவு சொன்னார். திருவிழாவுக்கு நாலுகால் கிட்டாரைக் கொண்டுவரலாம். அங்கே காலைப் பற்றி ஒரு பேச்சும் வராமல் கச்சேரி முடிந்தால் அது குழுவில் இருக்கும். பேச்சு வந்தால் அன்றோடு வீட்டுக்குப் போய்விட வேண்டும், நான் மறுபடி மடிக்கிட்டாரோடு வரவேண்டும். எனக்கு அப்போது இருந்த ஒரே குழு அதுதான். ஒரு மேடையில் அது நிற்காவிட்டால் பிறகு எந்த மேடையிலும் நிற்காது. வீட்டுக்குள் வைத்து எனக்கு நானே வாசித்துக்கொள்ளலாம். அப்படி ஒரு ஸ்வரத்தை நாலு சுவருக்கும் எனக்கும் மட்டும் வைத்துக்கொள்வதை என்னால் நினைக்கவே முடியவில்லை.

தையல்காரனுக்குத் தெரிந்த வழி துணிதானே? அரக்கு நிற வெல்வெட் எடுத்து, கிட்டாரின் முன்பக்கமும் இரண்டு பக்கமும் மறைக்கிற மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு திரை தைத்தேன். மேலே ஒரு நாடாவில் அதைக் கச்சா தையலில் ஓட்டினேன். ஒரு நூலை இழுத்தால் மொத்தமும் கழன்று கையில் வந்துவிடும். கச்சேரி முடிந்து கட்டும்போது அது வசதி.

ஜமீலா வந்து பார்த்தாள். "எனக்கு ஒரு ரவிக்க தைக்க ஆறு மாசமாவுது. கிட்டாருக்குப் பாவாட மூணு நாள்ல முடிஞ்சிருச்சா?"

"கால் தெரியக்கூடாதுல்ல."

"இவ்ளோ நீளம் வேணாங்க. தரையில பெரளுது பாருங்க. பாவாட கட்டறவங்களுக்குத்தான் தெரியும், நீளமா இருந்தா காலுல மாட்டும்."

கால்சட்டை தைக்க வருகிறவர்களில் தினம் பத்துப் பேரிடம், தரையில் பட விடாதீர்கள், மாட்டும் என்று சொல்கிறவன் நான். ஆனாலும் வெட்டவில்லை. கால் விரல்கூட வெளியே தெரிந்துவிடக் கூடாது என்ற பயத்தில் அளவைவிட இரண்டு விரல் கூடுதலாகவே விட்டேன். தம்பிகளே, முப்பது வருஷம் துணி வெட்டியிருக்கிறேன், பயத்தோடு வெட்டின துணி ஒன்றுகூடச் சரியாக உட்கார்ந்ததில்லை.

கச்சேரி சாயங்காலம் நாலு மணிக்கு. ராத்திரி தெருக்கூத்துக்காரர்களுக்கு, எங்களுக்கு அந்த நேரம்தான் கிடைத்தது. மதியமே போய் மைக் செட்டைப் பொருத்தி, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று அலறிக்கொண்டிருந்தோம். கோயில் மண்டபத்தில் நாயனக்காரர் ஒருவர் உட்கார்ந்து சுருதி பார்த்துக்கொண்டிருந்தார். ஏறக்குறைய என் வயசு இருக்கும். அவர் எழுந்து வந்து மாஸ்டரிடம், "ஒரு அர மணி நேரம் அத நிறுத்துங்க. என் காதுல என் நாயனமே விழல" என்றார். மாஸ்டர் சரி சரி என்றார். மைக் செட்காரர் காதில் வாங்கவில்லை. நாயனக்காரர் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். எங்களைப் போன்ற குழுக்கள் வந்த பிறகு அவர்களுக்குத் திருவிழாவில் நேரம் சுருங்கிக்கொண்டே வந்த காலம் அது. அந்தக் கோபம் நியாயமானது என்று எனக்கு அப்போதே தெரியும்.

முதல் இரண்டு பாட்டு நன்றாகப் போயிற்று. எல்லாரும் வெல்வெட் மூடிய அந்தப் பெட்டியைப் பார்த்து, உள்ளே யாரோ ஒளிந்திருந்து வாசிக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். முன் வரிசையில் நாற்காலி போட்டு விழாத் தலைவர் உட்கார்ந்திருந்தார். தலைப்பாகை கட்டிய கனத்த மனிதர், தாளம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மெல்ல மெல்லத் தைரியம் வந்தது.

மூன்றாவது ஒரு சோகப் பாட்டு. முதல் இடையிசையில் பெடலை அழுத்தினேன், ஸ்வரம் ஏறியது. காலை எடுத்தேன், இறங்கவில்லை. மறுபடி அழுத்தி எடுத்தேன். அப்போதும் இறங்கவில்லை. கூடுதலாக விட்ட அந்த இரண்டு விரல் துணி பெடலோடு கீழே போய், கம்பி மாட்டியிருக்கும் கொக்கியில் சுருட்டிக்கொண்டுவிட்டது. பெடல் அழுந்தியபடியே நின்றுவிட்டதால் நடுக்கம்பி ஏறினது ஏறினபடி நின்றது. இனி எந்தச் சேர்க்கையை மீட்டினாலும் அபஸ்வரம்தான்.

நல்லவேளையாகப் பாடகி சரணத்துக்குள் போய்விட்டார். நான் மற்ற கம்பிகளில் ஒன்றிரண்டை மட்டும் தொட்டுச் சமாளித்துக்கொண்டு, திரைக்குள் கால்விரலால் துணியைத் தள்ளிப் பார்த்தேன். தள்ளத் தள்ள இறுகியது. சரணம் முடிந்ததும் பெரிய இடையிசை. அதில் எல்லா வாத்தியமும் நின்றுவிடும், இந்தக் கிட்டார் மட்டும் தனியாக வாசிக்க வேண்டும். அந்த இடத்துக்காகத்தான் மாஸ்டர் இந்தப் பாட்டையே எடுத்திருந்தார்.

இரண்டு வழி இருந்தது. இடையிசையை விட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம், மாஸ்டர் எப்படியாவது அக்கார்டியனில் நிரப்பிவிடுவார், என் கால் மறைவாகவே இருக்கும். அல்லது நூலை இழுக்கலாம். நான் சன்னதியைப் பார்த்தேன். உள்ளே இருட்டில் விளக்குச் சுடர் தெரிந்தது. கார்டு சொன்னது நினைவுக்கு வந்தது. காலைப் பார்த்தவன் என்றுதான் அவர் இதை எனக்குக் கொடுத்தார். அந்தக் காலுக்கே பாவாடை தைத்துக் கட்டியவன் நான். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

கச்சா தையலின் முடிச்சு என் வலது கைப்பக்கம் இருந்தது. பிடித்து இழுத்தேன். நூல் சரசரவென்று ஓடி, திரை முழுவதும் அவிழ்ந்து தரையில் விழுந்தது. குனிந்து கொக்கியில் இருந்த துணியை உருவினேன், பெடல் டக் என்று மேலே வந்தது. நிமிர்ந்தபோது பாடகி சரணத்தின் கடைசி வார்த்தையில் இருந்தார். என் இரண்டு வெறுங்காலும் ஊருக்கே தெரிய, அம்மனுக்கு நேராக நீட்டியிருந்தன.

வாசித்தேன். எப்படி வாசித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. பயம் ஒரு எல்லைக்கு மேல் போனால் கை தெளிந்துவிடும் என்று மட்டும் சொல்லலாம். கடைசியில் அந்த இரண்டு ஸ்வரமும் நிற்க, ஒன்று மட்டும் எழுந்து மேலே போயிற்று. போய் நின்றது. யாரும் கை தட்டவில்லை.

விழாத் தலைவர் எழுந்து கையைத் தூக்கினார். பாட்டு நின்றது.

"பாய், என்னா இது? வாத்தியத்தயா மிதிக்கறீங்க? அதுவும் ஆத்தா மொகத்துக்கு நேரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் முன்னால் ஓடிவந்தார். கும்பிட்டபடி, "வாத்தியம் இல்லீங்க தலைவரே. அது ஒரு மிசினுங்க. பாய் தையக்காரருங்க, தையமிசின மிதிக்கிற மாதிரி இதயும் மிதிக்கிறாருங்க. சும்மா கரண்டு மிசினு" என்றார்.

தலைவரின் முகம் இளகியது. "மிசினா?" என்றார் என்னைப் பார்த்து. "மிசினுன்னா செரி. அதுக்கு என்னா இருக்குது. நீங்க சொல்லுங்க பாய், மிசினுதான?"

தம்பிகளே, தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். கிட்டார் குழுவில் நின்றிருக்கும், எனக்கும் பிழைப்பு நின்றிருக்கும். மாஸ்டர் எனக்காகத்தான் சொன்னார், அவர் மேல் இன்றைக்கும் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அப்போதுதான் அந்த ஸ்வரம் என் காலடியிலிருந்து எழுந்து போயிருந்தது. அதன் அதிர்வு கம்பியில் இன்னும் அடங்கவில்லை, என் பாதத்தில் தெரிந்தது. பாதம் பெடல் மேல் இருக்கும்போதே அதை மிஷின் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இல்லீங்க," என்றேன். "வாத்தியந்தாங்க."

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. அப்போது மண்டபத்துப் பக்கமிருந்து நாயனக்காரர் வந்தார். கையில் நாயனம் இருந்தது. தீர்ந்தது கதை என்று நினைத்தேன். மதியம் நாங்கள் செய்ததற்கு வட்டியோடு வாங்கப்போகிறோம் என்றுதான் தோன்றியது.

அவர் மேடைக்குக் கீழே நின்று என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். "கடைசியா வாசிச்சீங்கல்ல, அந்த எடத்த மட்டும் இன்னொரு தடவ வாசிங்க."

வாசித்தேன். அவர் கழுத்தைச் சாய்த்துக் கேட்டார். கண் என் பாதத்தை விட்டு நகரவில்லை.

"ரெண்டு நிக்கிது, ஒண்ணு மட்டும் ஏறுது. ஏத்தறது யாரு, காலா?"

"ஆமாங்க."

"நான் ஒரே ஒரு சொரத்த மூச்சுல இழுத்து ஏத்தறதுக்கு எத்தினி வருசம் ஆச்சு தெரியுங்களா?" என்றார். என்னைக் கேட்ட மாதிரியும் இருந்தது, தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரியும் இருந்தது. பிறகு தலைவர் பக்கம் திரும்பினார். "தலைவரே, நாயனம் என் எச்சில்ல பேசுது. தவுலு மாட்டுத் தோலுல பேசுது. ஆத்தா எத்தினியோ தலமொறையா கேட்டுக்கிட்டுதான் இருக்குறா, மொகத்தத் திருப்பிக்கல. இது கால்ல பேசுது. அவ்ளோதானுங்க."

நாயனக்காரர் மறுபடி என்னிடம் திரும்பினார்.

"நான் வாய் கொப்பளிக்காம நாயனத்த எடுக்கமாட்டேன். நீங்க கால் கழுவிட்டு ஒக்காந்தீங்களா?"

பென்னாகரம் ரோட்டுப் புழுதி என் கணுக்கால் வரை இருந்தது. மறைத்தே பழகிவிட்டவனுக்குக் கழுவவேண்டும் என்று தோன்றவில்லை. திரைக்குள் இருந்தால் அழுக்குக் கால் என்ன, சுத்தக் கால் என்ன? ஒரு பொய்யை அதே மேடையில்தான் மறுத்திருந்தேன், உடனே இன்னொன்று சொல்ல முடியுமா?

"இல்லீங்க. கழுவல."

"அதான் தப்பு," என்றார். "கால் வெச்சது தப்பில்ல."

நாயனக்காரரோடு வந்த தவில்காரர் கோயில் தொட்டியிலிருந்து ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். மேடை ஓரத்தில் உட்கார்ந்து, ஊரே பார்க்க, இரண்டு காலையும் கழுவினேன். தொழுகைக்குக் கழுவுகிற மாதிரிதான் கழுவினேன், எனக்கு வேறு மாதிரி கழுவத் தெரியாது. துடைக்க ஒன்றும் இல்லாமல் அந்த வெல்வெட்டின் ஓரத்திலேயே துடைத்துக்கொண்டேன். தலைவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "செரி, மொதல்லருந்து வாசிங்க" என்று சொல்லி உட்கார்ந்தார். அந்த முறை இடையிசை முடிந்ததும் முதல் கைதட்டல் அவருடையது. அதையும் நான் மறைக்கக் கூடாது அல்லவா?

உங்களுக்குச் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். இன்று உங்கள் கீபோர்டில் ஒரு சக்கரம் இருக்கிறது, விரலால் திருகினால் ஸ்வரம் வளைகிறது. போன மாதம் ஒரு ரசிகர் உங்களிடம் வந்து, "இதெல்லாம் மிசினே வாசிச்சிக்குதா தம்பி?" என்று கேட்டார். நீங்கள் வேலை முடிந்தால் சரி என்று சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினீர்கள். அந்த ஆட்டத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கால் கழுவுவதும் கழுவாததும் உங்கள் இஷ்டம்.

கச்சேரி முடிந்து கட்டும்போது மாஸ்டர் வெல்வெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இனி இந்தத் துணிய என்னா பண்ணப் போறீங்க பாய்?" என்று மட்டும் கேட்டார். கிட்டார் இனி வீட்டுக்குப் போகவேண்டியதில்லை என்பதை அவர் அப்படித்தான் சொன்னார். நான் துணியை மடித்துக்கொண்டு, தொட்டியில் மறுபடி காலைக் கழுவிவிட்டு மண்டபத்துக்குப் போனேன்.

நாயனக்காரர் அம்மன் பூசைக்கு வாசித்துவிட்டு அப்போதுதான் நாயனத்தைப் பழைய வேட்டித்துண்டில் சுற்றிக்கொண்டிருந்தார். எதிரே தரையில் உட்கார்ந்தேன். "இதுக்கு ஒரு உறை தச்சுத் தரட்டுங்களா? நல்ல வெல்வெட்டுங்க. ஓரத்துல மட்டும் கால் தொடச்சிட்டேன், அத வெட்டிடறேன்" என்றேன்.

"அளவு எடுக்கணுமே."

"நீங்களே புடிச்சுக்கிங்க. நான் சாண் வெச்சுப் பாத்துக்கறேன்."

நாயனத்தை அவர்கள் யார் கையிலும் கொடுப்பதில்லை என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கையை நீட்டாமல் இருந்தேன். அவர் துண்டை விலக்கி, நாயனத்தை இரண்டு கையாலும் எடுத்து, என் காலின் மேல் குறுக்காக வைத்தார்.

"கால் இன்னும் ஈரமா இருக்குதுங்க" என்றேன்.

"இருக்கட்டும்" என்றார்.

நாலு சாணுக்கு இரண்டு விரல் குறைவாக இருந்தது.